சித்தப்பா கல்யாண ஆல்பமும் ஒரு ரஷ்ய லென்ஸும்

மக்களே, இன்னிக்கு கொஞ்சம் கொசுவத்தி சுத்தப் போறேன். நடுவுல கேமரா பாடமும் வரும், பொறுத்துக்கோங்க :)

1983-ல அப்பா மூர் மார்க்கெட்ல செகண்ட் ஹேண்டா ஒரு ஜெனிட்-ஈ வாங்கினார். சோவியத் கேமரா. அம்மிக்கல் கனம், பேட்டரியே வேண்டாம். அதோட வந்த லென்ஸ் ஹீலியோஸ் 44-2. 58 மில்லிமீட்டர், எஃப் 2. மூர் மார்க்கெட் 1985-ல எரிஞ்சு போச்சு. கேமரா எங்க வீட்டு பீரோவுல தங்கிருச்சு.

1988, கும்பகோணத்துல சித்தப்பா கல்யாணம். "தனியா போட்டோகிராபர் எதுக்கு, அண்ணனே எடுக்கட்டும்"னு பெரியவங்க முடிவு பண்ணிட்டாங்க. ஃப்ளாஷ் கிடையாது. லென்ஸை முழுசா திறந்து வச்சு மூணு ரோல் எடுத்தார். கழுவி வந்தா எல்லா முகமும் கலங்கல். தாலி கட்டுற படத்துல மாப்பிள்ளை பொண்ணு ரெண்டு பேரும் மங்கல், பின்னாடி மண்டபத்துத் தூண் மட்டும் பளிச்!

சித்தி இன்னிக்கும் அந்த ஆல்பத்தை யாருக்கும் காட்ட மாட்டாங்க. "அண்ணனுக்கு கண்ணு அவுட்டு"ங்கறது குடும்பத்துல நிரந்தர ஜோக் ஆயிருச்சு. அப்பா கண்ணாடி மாத்திப் பார்த்தார். அப்புறம் கேமராவைத் தொடவே இல்லை.

போன வருஷம் நான் ஒரு பழைய சோனி மிரர்லெஸ் வாங்கினேன். நல்ல லென்ஸ் விலையைக் கேட்டதும் மயக்கம் வந்துச்சு. அப்பதான் பீரோ ஞாபகம். ஹீலியோஸ்ல இருக்கிறது எம்42ங்கிற திருகு. 42 மில்லிமீட்டர் அகலம், ஒரு சுத்துக்கு 1 மில்லிமீட்டர். இந்த லென்ஸ் ஃபிலிமுக்கு முன்னாடி சுமார் 45.5 மில்லிமீட்டர் தள்ளி உட்காரணும். சோனியில அந்த இடைவெளி 18 தான். மிச்சம் 27.5-ஐ நிரப்ப ஒரு வெத்துக் குழாய் போதும். உள்ளே கண்ணாடி கிடையாது, அதனால விலையும் கம்மி. (நிக்கான் டிஎஸ்எல்ஆர் வச்சிருக்கவங்க ஏமாறாதீங்க. அதுல இடைவெளி 46.5. கண்ணாடி இல்லாத அடாப்டர் போட்டா தூரத்துல இருக்கிறது ஃபோகஸ் ஆகாது.)

மெனுவுல "லென்ஸ் இல்லாம ஷட்டர் இயங்கலாம்"னு ஒண்ணு இருக்கும். அதை ஆன் பண்ணலைன்னா கேமரா அசையாது. நான் அரை நாள் முழிச்சேன், ஹி ஹி.

முதல் படம், கீரை ஆயுற அம்மா. திரையில பெருசாக்கி வளையத்தை மெதுவா திருப்பினேன். கண் இமை ஒவ்வொண்ணா தெரிஞ்சுது. பின்னாடி முருங்கை இலை வெளிச்சமெல்லாம் சுழிச்சுக்கிட்டு நின்னுச்சு. ஹீலியோஸுக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே அந்தச் சுழிதான்.

சந்தோஷத்தோட சந்தேகமும் வந்துச்சு. லென்ஸ் இவ்வளவு நல்லா இருக்கு. அப்ப கல்யாண போட்டோ ஏன் அப்படி?

பழைய ஆல்பங்களை எடுத்தேன். 1988-க்கு முன்னாடி எடுத்ததெல்லாம் தெளிவு. என் பிறந்தநாள் படத்துல மெழுகுவர்த்தித் திரி கூட தெரியுது.

ஜெனிட்டோட பின்கதவைத் திறந்து, ஃபிலிம் ஓடுற இடத்துல மங்கலான டேப் ஒட்டினேன். ஷட்டரை பி-யில வச்சு அழுத்திப் பிடிச்சா, ஃபிலிம்ல விழற பிம்பம் அந்த டேப்ல தெரியும். வியூஃபைண்டர்ல கேட்டுக் கம்பிக்கு ஃபோகஸ் பண்ணிட்டு டேப்பைப் பார்த்தா கம்பி கலங்கல், பின்னால இருந்த சுவர் தெளிவு. அதே தூண் கதை!

விஷயம் இதுதான். இந்த மாதிரி கேமராவுல வெளிச்சம் உள்ளே இருக்கிற கண்ணாடியில பட்டு மேலே போகுது. அந்த வழியும் ஃபிலிமுக்குப் போற வழியும் ஒரே நீளமா இருக்கணும். கண்ணாடி இம்மி நகர்ந்தாலும் நாம பார்க்கிறது ஒண்ணு, பதியறது ஒண்ணு. மிரர்லெஸ்ல இந்த வம்பு இல்லை. சென்சார் பார்க்கிறதையே நாமளும் பார்க்கிறோம்.

சரி, கண்ணாடி எப்படி நகர்ந்துச்சு?

இங்கதான் எனக்கு வியர்த்துச்சு. கல்யாணத்துக்கு முந்தின வாரம், ஏழு வயசுல, கட்டில் மேல நின்னு கேமராவை எடுத்து விளையாடினேன். கை நழுவி சிவப்புத் தரையில விழுந்துச்சு. கீறல் கூட இல்லை. சத்தமில்லாம உறையில போட்டு வச்சுட்டேன். இத்தனை வருஷமா யார்கிட்டயும் சொன்னதில்லை. ஜோக்குக்கு நானும் சேர்ந்து சிரிச்சிருக்கேன்.

அப்பாவுக்கு இப்ப 77. சோனியைக் கையில கொடுத்தேன். லென்ஸைக் குனிஞ்சு கூட பார்க்கலை. முழுசா திறந்து ஃபோகஸ் பண்ணி, முன்னாடி இருக்கிற இன்னொரு வளையத்தை ஒரு திருகு திருகி மூடி, க்ளிக். இந்த லென்ஸ்ல அந்த வரிசைதான். எனக்குப் பிடிபட ஒரு வாரம் ஆச்சு. அவர் விரலுக்கு மறக்கவே இல்லை.

டேப்பைக் காட்டினேன். கட்டில் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஜெனிட்டையே பார்த்துக்கிட்டு இருந்தார். திட்டுவார்னு நினைச்சேன்.

"அப்போ என் கண்ணு நல்லாத்தான்டா இருந்திருக்கு"ன்னார்.

டிஸ்கி: சித்திக்கு இன்னும் சொல்லலை. பொங்கலுக்குப் போகும்போது அப்பாவே சொல்லுவாராம். நானும் பக்கத்துல நிக்கணுமாம்.