தீப்பெட்டி ஆபீஸ்

கணக்குப்பிள்ளை 12-ஐ அழித்துவிட்டு 5 என்று அடிக்கிறார். திரையில் மறுபடியும் 12 வந்து நிற்கிறது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு யாருக்கோ போன் போடுகிறார். "தேதிய மொதல்ல மாத்தணுமாம்லா" என்று தனக்கே சொல்லியபடி இன்னொரு கட்டத்துக்குள் நுழைகிறார்.

2025 செப்டம்பர் 22, நவராத்திரி தொடங்கும் திங்கட்கிழமை. நாடு முழுக்க ஜிஎஸ்டி இன்று மாறுகிறது. 12 சதவீதம் என்ற அடுக்கே இனி இல்லை. தீப்பெட்டி 5-க்கு இறங்கிவிட்டது. கோவில்பட்டிக்கு வெளியே கரிசலைப் பார்த்து நிற்கும் இந்தத் தீப்பெட்டி ஆபீஸுக்குள் அது கணக்குப்பிள்ளையின் ஆள்காட்டி விரல் வழியாகத்தான் வந்தாக வேண்டும். என்னை ஓரத்து நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். அதற்குப் பிறகு யாரும் என்னைக் கவனிக்கவில்லை, எனக்கும் அதுவே வசதி.

முதலாளி அண்ணாச்சிக்கு எழுபது வயது இருக்கும். கம்ப்யூட்டர் பக்கமே திரும்பவில்லை. பழைய லேபிள் தாளைக் கவிழ்த்துப் போட்டுப் பென்சிலால் கணக்குப் போடுகிறார். பண்டலுக்கு 600 பெட்டி. கணக்குக்காகப் பண்டல் விலையை 450 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறார். 7 சதவீதம் குறைந்தால் 31 ரூபாய் 50 பைசா. அதை 600-ஆல் வகுக்கிறார். பெட்டிக்கு 5 பைசா, சொச்சம். அடியில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் பென்சிலைக் கீழே வைக்கிறார்.

பெட்டியின் மேல் 2 ரூபாய் என்று அச்சடித்திருக்கிறது. 1 ரூபாய் 95 பைசாவுக்கு யார் விற்பது, எந்தக் காசைக் கொடுத்து யார் வாங்குவது? விலை 50 பைசாவிலிருந்து 1 ரூபாய் ஆனது 2007-இல். அது 2 ரூபாயாக 2021 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதும் வாங்குகிறவர் முகம் சுளிக்கக்கூடாது என்று 36 குச்சியை 50 ஆக்கினார்கள். விலை இப்படி முழு நாணயக் கணக்கில் ஏறுகிற சரக்கில் வரி மட்டும் பைசாக் கணக்கில் இறங்கினால், அந்தப் பைசா பெட்டிக்கடை வரைக்கும் போய்ச் சேராது. வழியில் யாரோ ஒருவர் கையில் நின்றுவிடும். யார் கையில் என்பதுதான் இன்றைக்கு இந்த அறையின் பிரச்சினை. அறையில் இருக்கிற எல்லோருக்கும் அது தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அண்ணாச்சியின் தலைக்கு மேல் மூன்று பழைய உரிமங்கள் சட்டம் போட்டுத் தொங்குகின்றன. மூன்றும் வேறு வேறு பெயர்களில், ஒரே தெரு முகவரியில். அவர் அப்பா, சித்தப்பா, அத்தை என்று ஊகிக்கலாம். 1934-இல் தீப்பெட்டிக்கு உற்பத்தி வரி வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு, எவ்வளவு செய்கிறாயோ அவ்வளவு விகிதம் என்று வரியைப் படிப்படியாகப் பிரித்தார்கள். பெரிய இயந்திர ஆலைக்கு அதிகம். கையால் செய்கிற சின்ன இடத்துக்குக் குறைவு. வளர்ந்தால் வரி கூடும், எனவே இங்கே யாரும் ஓரிடத்தில் வளரவில்லை. பெயர் பெயராகப் பிரிந்தார்கள். ஐய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தொழில் கற்றுவந்து சிவகாசியில் தொடங்கிய கதையை எல்லோரும் சொல்வார்கள். மழை குறைந்த வறண்ட காற்று மருந்து காய்வதற்கு ஏற்றது என்றும் சொல்வார்கள். இரண்டும் உண்மை. ஆனால் குடிசைத்தொழில் என்பது இந்த மண்ணின் குணம் என்று உருகி எழுதுகிறவர்கள் இந்த மூன்று உரிமங்களுக்குக் கீழே கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்கலாம். குணத்தில் பாதி வரிப்பட்டியல்.

உள்கூடத்தில் இருபது பேருக்கு மேல் பெண்கள். தரையில் வரிசையாக அமர்ந்து பெட்டியை நிரப்பி, அடுக்கி, டசின் டசினாகத் தாளில் சுற்றுகிறார்கள். நாற்பதுக்குக் கீழே ஒரு முகம்கூட இல்லை. குழந்தைகளும் இல்லை. இதே பக்கத்து ஆபீஸ்களுக்கு விடியுமுன் வண்டிகள் கிராமம் கிராமமாகப் போய்ப் பிள்ளைகளை ஏற்றிவந்த காலம் உண்டு. எழுத்தாளர் பூமணி அதைக் 'கருவேலம்பூக்கள்' என்று படமாகவே எடுத்தார். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது, 1996-இல் உச்ச நீதிமன்றம் சிவகாசி வழக்கில் தீர்ப்புச் சொன்னது, நடுவே சத்துணவும் பள்ளிக்கூடமும் தங்கள் வேலையைச் செய்தன. அன்று வண்டியில் ஏறிய சிறுமிகளில் சிலர்தான் இன்று இந்தத் தரையில் இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அவர்களுடைய மகள்கள் இந்த வாசலை மிதிக்கமாட்டார்கள். அரசு எடுத்த முடிவுகளில் சந்தேகமில்லாமல் நல்லது என்று நான் எழுதக்கூடியது பிள்ளைகளை வேலையிலிருந்து எடுத்தது ஒன்றுதான்.

கூடத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அங்கிருந்து தடதடவென்று சத்தம். அண்ணாச்சியின் மகன் இறக்கிய இயந்திரம் அது. குச்சியை அதுவே கோத்துக்கொள்கிறது, மெழுகிலும் மருந்திலும் அதுவே முக்கி எடுக்கிறது. குச்சியைக் கட்டையில் அடுக்கிய கைகளுக்கு அந்தப் பக்கம் வேலை இல்லை. மகன் சட்டையில் செம்மருந்துக் கறை இல்லை, எண்ணெய்க் கறை இருக்கிறது.

அந்த இயந்திரம் எப்படி இங்கே வந்தது என்பதற்குத் தேதிகள் உண்டு. சிறுதொழிலுக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்திருந்த கடைசி 20 பொருள்களை 2015 ஏப்ரலில் மத்திய அரசு விடுவித்தது. ஊறுகாய், ஊதுபத்தி, பட்டாசு எல்லாம் இருந்த அந்தப் பட்டியலில் தீப்பெட்டியும் இருந்தது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது ஒரு வேலி மிச்சம் இருந்தது: கையால் செய்ததற்கு 5, மற்றதற்கு 18. 2020 ஏப்ரல் 1 முதல் இரண்டுக்கும் 12. அன்றைக்கே கைக்கு ஏறியது, இயந்திரத்துக்கு இறங்கியது. இன்று இரண்டுக்கும் 5. பழைய 5 திரும்பி வந்துவிட்டது என்று காலையிலிருந்து போனில் வாழ்த்துச் சொல்கிறார்கள், அண்ணாச்சியும் "ஆமா, ஆமா" என்கிறார். எண் திரும்பியிருக்கிறது, வேலி திரும்பவில்லை. அண்ணாச்சிக்கு இது தெரியாது என்று நான் நம்பவில்லை. ஆனால் கூடம் ஒரு காதும் கொட்டகை ஒரு காதுமாக உட்கார்ந்திருக்கிறவர் வேறு என்ன சொல்ல முடியும்?

குற்றம் சொல்வதற்கு இங்கே வேறொரு எதிரி உண்டு. லாரி டிரைவர் கேட்டுக்கு வெளியே, புளியமரத்தடியில் நின்று பீடி பற்றவைக்கிறார். லைட்டர். 10 ரூபாய் லைட்டர் ஒன்று 20 தீப்பெட்டியின் வேலையைச் செய்துவிடுகிறது என்று முதலமைச்சர் ஸ்டாலின் 2022-இல் டெல்லிக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதிக்குத் தடை வந்தது. உடனே பாகங்களாக வரவழைத்து இங்கேயே பூட்டினார்கள். 2024-இல் பாகங்களுக்கும் தடை போட்டார்கள். டிரைவரின் சட்டைப்பைக்குள் இன்னும் எந்தத் தடையும் எட்டவில்லை. காவலாளி அவரிடம் நெருப்பு வாங்கித் தன் பீடியைப் பற்றவைத்துக்கொள்கிறார். அண்ணாச்சி ஜன்னல் வழியாகப் பார்க்கிறார், ஒன்றும் சொல்லவில்லை.

போன் அடிக்கிறது. நாக்பூர் பார்ட்டி. "ஹாங் சேட்ஜி, ஹாங்" என்று தொடங்கிய அண்ணாச்சியின் இந்தி, பேரம் சூடானதும் தமிழாகிவிடுகிறது. சேட்டுக்கு முழுசாக 30 ரூபாய் குறைய வேண்டும். அண்ணாச்சி 10 என்கிறார். வாங்கும் மருந்துக்கு 18, அட்டை 12-லிருந்து இன்றைக்கு 18, விற்கும் பெட்டிக்கு 5. கட்டிய வரியைத் திரும்ப வாங்க மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டும், அதுவரை என் பணம் அல்லவா முடங்குகிறது என்று கணக்குப்பிள்ளையைப் பார்த்தபடியே நாக்பூருக்கு விளக்குகிறார். 20-இல் முடிகிறது. லேபிள் தாளில் 31.50-க்குப் பக்கத்தில் 20 என்று எழுதி ஒரு வட்டம் போடுகிறார்.

மிச்சம் 11 ரூபாய் 50 பைசா.

கூடத்திலிருந்து ஒரு அம்மாள் எழுந்து வந்து நிலைப்படியில் நிற்கிறார். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொள்கிறார்.

"மொதலாளி, வரி கொறைஞ்சிருச்சாம்லா. டிவியில சொன்னான்."

"கொறைஞ்சிருக்கு."

"அப்ப தீவாளிக்கு போனசு கூட்டிக் குடுப்பீகளா?"

"ஏத்தா, இன்னைக்குத்தான் கொறைஞ்சிருக்கு. பணம் கையில வரட்டும். பெறகு பாப்போம்."

அவர் நகரவில்லை. "சரி. நாளையிலருந்து நான் நூறு நாள் வேலைக்குப் போறேன் மொதலாளி. பேரு குடுத்தாச்சு. நாங்க ஆறு பேரு."

அண்ணாச்சி நிமிர்கிறார். தீபாவளி அக்டோபர் 20. அதற்குள் வடக்கே போக வேண்டிய சரக்கு கூடத்து மூலையில் சுற்றப்படாமல் குவிந்து கிடக்கிறது. இந்த வருசம் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த கூலி 336 ரூபாய். முழுசாகக் கைக்கு வருகிறதோ இல்லையோ, அந்த எண் நிலைப்படியில் நிற்கிறவருக்கும் தெரியும், நாற்காலியில் இருக்கிறவருக்கும் தெரியும்.

"ஆறு பேருமா?"

"ஆமா."

அண்ணாச்சி லேபிள் தாளை இழுத்து, வட்டத்துக்குக் கீழே எதையோ எழுதி அடிக்கிறார். மறுபடி எழுதுகிறார்.

"சனிக்கிழமை வரைக்கும் இருங்க. வெள்ளிக்கிழமை போனசு பேசிருவோம்."

"புதன்கிழமை பேசுவோம் மொதலாளி" என்று சொல்லிவிட்டு அவர் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து அடுத்த டசினை எடுக்கிறார்.