தண்ணீருக்கு மூன்று வாசல்



புரட்டாசி முடியப் போகிறது. அடுத்தது ஐப்பசி அடைமழை. இந்த ஒரு வாரத்தில் நான்கு பேர் போனில் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். "டீச்சர், மொட்டை மாடியில் செங்கல் வைத்து மேட்டுப்பாத்தி கட்டலாமா? வீடு கெட்டுப்போகுமா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளும். பொறுமையாகப் படியுங்கள்.

நாம் டெல்டாக்காரர்கள். வயலுக்குப் பாசன வாய்க்கால் ஒன்று இருந்தால், வடிகால் வாய்க்கால் ஒன்றும் இருக்கும். தண்ணீர் வரும் வழியைவிட, போகும் வழிக்காக ஊரில் நடந்த சண்டைகள் அதிகம். அந்த அறிவு மாடி ஏறும்போது மட்டும் நமக்கு மறந்துவிடுகிறது. என்ன விதை, என்ன உரம் என்று கேட்கிறோம். தண்ணீர் எந்த வழியாக வெளியே போகும் என்று கேட்பதில்லை.

மாடிப் பாத்தியில் தண்ணீர் மூன்று வாசலைத் தாண்ட வேண்டும். மண்ணை விட்டு வெளியே வர வேண்டும். பாத்தியை விட்டு வெளியே வர வேண்டும். மாடியை விட்டுக் கீழே இறங்க வேண்டும். ஒன்று அடைத்தாலும் மற்ற இரண்டும் இருந்து பயனில்லை.

முதல் வாசல், மண். இதற்கு ஒரு சோதனை. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சைத் தண்ணீரில் முழுக்கி எடுத்து, படுக்கை வசமாகப் பிடியுங்கள். சொட்டிச் சொட்டி ஒரு கட்டத்தில் நின்றுவிடும். இப்போது அதையே நெட்டுக்குத்தாகத் திருப்புங்கள். பிழியாமலே மறுபடி சொட்டும். உயரம் கூடினால் அதிகத் தண்ணீர் இறங்கும். ஆனாலும் அடிப்பகுதி ஈரமாகவேதான் இருக்கும். மண்ணும் அப்படித்தான். எந்தப் பாத்தியிலும் அடியில் ஒரு பகுதி ஊறியே கிடக்கும். நாலு அங்குல ஆழப் பாத்தி என்றால் முழுவதும் ஊறல்தான். ஒரு அடி இருந்தால் வேருக்கு மேலே மூச்சுவிட இடம் கிடைக்கும்.

"அடியில் ஜல்லி போட்டால் தண்ணீர் வடிந்துவிடும்" என்று எல்லாரும் சொல்கிறார்கள். அது நடப்பதில்லை. நுண்ணிய மண்ணில் இருக்கும் தண்ணீர், அந்த மண் நன்றாக ஊறி நிரம்பும்வரை ஜல்லிக்குள் இறங்காது. ஜல்லி போட்டால் ஊறல் மேலே ஏறுகிறது, அவ்வளவுதான். ஓட்டையில் மண் அடைக்காமல் இருக்க ஒரு துண்டு நிழல்வலை போதும். ஜல்லிக்கு ஆகும் செலவில் நல்ல மண்கலவை செய்யுங்கள். வயல் களிமண்ணை அப்படியே மாடிக்கு ஏற்ற வேண்டாம். செம்மண், தென்னைநார்க் கழிவு, மக்கிய உரம், கொஞ்சம் பருமணல் சேர்த்துக் கலந்தால் தண்ணீரும் இறங்கும், எடையும் குறையும்.

ஒரு குறிப்பு. மழை நாளில் கத்தரியும் தக்காளியும் இலை மஞ்சளாகி வாடினால், உரம் போதவில்லை என்று அள்ளிப் போடாதீர்கள். முதலில் விரலை விட்டு மண்ணைப் பாருங்கள். நெல் தண்ணீரில் நிற்கும். இவற்றின் வேர் காற்று கிடைக்காமல் அழுகிவிடும். வேர் போனால், ஈரத்தில் நின்றாலும் செடி வாடும்.

இரண்டாம் வாசல், பாத்தி. பாத்தியைத் தரையோடு ஒட்டி உட்கார வைக்காதீர்கள். இடைவெளி விட்டுச் செங்கல் வைத்து, நாலு அங்குலம் தூக்கி நிறுத்துங்கள். அடியில் விளக்குமாறு போய்வர வேண்டும். தளம் காய வேண்டும். காயாத தளத்தில்தான் ஈரம் உள்ளே இறங்கும், கம்பி துருப்பிடிக்கும், சிமெண்ட் பெயரும்.

எடைக் கணக்கும் போட்டுக்கொள்ளுங்கள். நாலு அடி நீளம், மூன்று அடி அகலம், ஒரு அடி ஆழம் என்றால் 12 கன அடி. சாதாரண மண்ணைக் கொட்டி மழையில் நனைந்தால் அரை டன்னுக்கு மேல் போகும். ஆள் ஏறி நடமாடும் மாடிக்கு, ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ சுமை என்பதுதான் இந்தியத் தர விதியில் உள்ள கணக்கு. ஆகவே பெரிய பாத்திக்கு இன்ஜினியரைக் கேட்காமல் கை வைக்க வேண்டாம். சின்னதாக, இலேசான கலவையோடு, கீழே சுவரோ பீமோ இருக்கும் இடமாகப் பார்த்து வையுங்கள்.

மூன்றாம் வாசல், மாடி. 1,000 சதுர அடி மாடியில் ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 9,300 லிட்டர். குழாய் வாயில் இலையும் மண்ணும் அடைத்தால், ஒன்பது டன்னுக்கு மேல் நம் தலைக்கு மேலே நிற்கும். குழாய் வாயில் வலை போட்டு, மழை நாளில் தினமும் பாருங்கள். 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமான பிறகு, பல வீட்டில் மாடித் தண்ணீர் சேகரிப்புக் குழிக்குப் போகிறது. பாத்தி மண் கரைந்து அதில் போனால் குழியும் தூர்ந்துவிடும்.

இப்போது குடும்பத்துக்கு ஒரு வார்த்தை. நம் உறவில் ஒரு வீட்டில் போன கார்த்திகையில் கூடத்துக் கூரையில் ஓதம் இறங்கி, ஒரு முறம் அளவு சிமெண்ட் பெயர்ந்து விழுந்தது. கீழே யாரும் இல்லாதது கடவுள் புண்ணியம். அதனால் அக்காவின் தோட்டத்தை அடியோடு எடுத்துவிடப் போகிறார்கள். நான் போய்ப் பார்த்தேன். கட்டிக் கொடுத்தவர் பாத்திகளை வாட்டத்துக்குக் குறுக்கே, தரையோடு சிமெண்ட் பூசி, அணை மாதிரி கட்டியிருக்கிறார். குழாய்க்குப் போக வேண்டிய தண்ணீர் அங்கேயே குளமாக நிற்கிறது.

தம்பி, சித்தி சொல்வதைக் கேள். நீ பயப்படுவது நியாயம். அந்தப் பாத்திகளை மழைக்கு முன் இடிக்கத்தான் வேண்டும். ஆனால் செடிகளைத் தூக்கிப் போடாதே. பைகளுக்கு மாற்றிக் கொல்லையில் வை. தை பிறந்ததும் ஒரு இன்ஜினியரை வைத்துக் கூரையையும் வாட்டத்தையும் சரிசெய். பிறகு பாதி அளவுக்காவது, தூக்கி நிறுத்திய பாத்திகளாக அம்மாவிடம் திருப்பிக் கொடு. அத்தான் போன பிறகு விடிந்ததும் அவர் எழுந்து போக இருக்கும் ஒரே இடம் அந்த மாடி. அதையும் எடுத்துவிட்டால் அவர் எங்கே போவார்?

மற்றவர்களுக்கு வீட்டுப்பாடம். என்னிடம் படித்து இப்போது கொத்தனாராக இருக்கும் ஒரு மாணவன் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இது. பாத்தி கட்டும் முன் மாடியின் மேட்டுப் பக்கத்தில் நாலு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். எந்த வழியில் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று சாக்பீஸால் கோடு போடுங்கள். ஓடும் வழியை விட்டுவிடுங்கள். தேங்கும் இடத்தை முதலில் பூசிச் சரிசெய்யுங்கள். மிச்ச இடம்தான் உங்கள் தோட்டம்.

கோடு போட்டதைப் படம் எடுத்து அனுப்புங்கள். திருத்தித் தருகிறேன். சிவப்பு மை இன்னும் தீரவில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்