டப்பாவில் சீட்டு இல்லாத லேகியம்

2008-ல் நான் நடத்திய ஒரு நுகர்வோர் வழக்கில், இறந்துபோனவர் திருச்செங்கோட்டுப் பக்கத்து ரிக் லாரி ஓட்டுநர். வழக்குப் போட்டவர் அவருடைய மனைவி. லாரித் தொழிலால் பிழைத்த நாமக்கல் மாவட்டத்தில் எச்.ஐ.வி. தொற்று அன்று தமிழ்நாட்டிலேயே மிக அதிகமாக இருந்த நிலையில், 2004 ஏப்ரலில் மத்திய அரசு கூட்டு மருந்தை இலவசமாகத் தரத் தொடங்கியது. அவரும் அதை வாங்கினார். அந்த மாத்திரையில் நெவிரபின் இருந்தது. சில வாரங்களில், உடம்பு தேறட்டும் என்று ஒரு பரம்பரை வைத்தியரிடம் லேகியமும் வாங்கிச் சாப்பிட, கண் மஞ்சளானது. வைத்தியர் கீழாநெல்லியும் சேர்த்துக் கொடுத்தார். கல்லீரல் தாங்கவில்லை.

நோய் வெளியே தெரிந்துவிடும் என்ற பயத்தில் மாத்திரையைப் பற்றி வைத்தியரிடம் அவர் வாய் திறக்கவில்லை. திட்டுவார்கள் என்று லேகியத்தைப் பற்றி டாக்டரிடமும் சொல்லவில்லை.

லேகியத்தில் மிளகும் திப்பிலியும் சேர்ந்திருந்ததாக அந்த அம்மா சொன்னார். அவற்றிலுள்ள பைபரின், கல்லீரல் மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் வேகத்தைக் குறைக்கக்கூடியது. அதை உட்கொண்டவர்களின் ரத்தத்தில் நெவிரபின் அளவு கூடியதாக 2007-ல் ஓர் ஆய்வு வெளிவந்திருந்தது. மூலிகை நேர்மாறாக வேலை செய்வதும் உண்டு: செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மேல்நாட்டு மூலிகை, இண்டினாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தின் அளவை 57 சதவீதம் குறைத்துவிடுவதாக 2000-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். இவற்றை எல்லாம் மன்றத்தில் வைத்தேன். எதிர்த்தரப்பு வக்கீலின் பதில் பலமாக இருந்தது: ஆய்வில் கொடுத்தது சுத்தமான பைபரின், லேகியம் அல்ல, நெவிரபின் தனியாகவே கல்லீரலைக் கெடுக்கும், லேகியத்தில் எது எவ்வளவு இருந்தது என்பதற்கு என்ன சாட்சி?

சாட்சி இல்லாமல் போனதற்குச் சட்டமே காரணம். கடையில் விற்கும் சித்த மருந்தின் டப்பாவில் சேர்மானத்தை அச்சிட்டாக வேண்டும். ஆனால் சொந்த நோயாளிக்கு மருந்து செய்து தரும் வைத்தியருக்கு 1940-ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்தின் 33இஇசி பிரிவு விலக்குத் தருகிறது. நாட்டு வைத்தியம் நசிந்துவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் கொடுத்த விலக்கு, என் கட்சிக்காரரின் கையில் பெயரில்லாத ஒரு காலி டப்பாவை மட்டும் விட்டுவைத்தது. சித்த மருந்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. தாம்பரம் நெஞ்சக மருத்துவமனையில் ரசகந்தி மெழுகு, அமுக்கரா சூரணம், நெல்லிக்காய் லேகியம் மூன்றையும் எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு மருத்துவர் மேற்பார்வையிலேயே கொடுத்தார்கள். என்ன கொடுத்தோம் என்பது அங்கே தெரிந்திருந்தது.

1996-ல் பூனம் வர்மா வழக்கில், ஹோமியோபதி படித்தவர் அலோபதி மருந்து கொடுத்ததே கவனக்குறைவுதான் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அது எனக்கு உதவவில்லை. இந்த வைத்தியர் தன் எல்லைக்குள்ளேயே நின்றார், டாக்டரும் அப்படித்தான்; எல்லை தாண்டிக் கலந்தவை மருந்துகள். சாட்சியம் போதாதென்று மனு தள்ளுபடியானது.

மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் இருந்தது. நிபுணர் ஒருவரை விசாரித்திருந்தால் வாய்ப்பும் இருந்தது. ஆனால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் பெயர் பட்டியலில் ஒட்டப்பட்டு, டவாலி அதை உரக்கக் கூப்பிடுவதை அந்த அம்மா பார்த்துவிட்டார். "வேண்டாங்க வக்கீலய்யா, புள்ளைக்குக் கல்யாணம் பண்ணோணுங்க" என்றார். நான் வற்புறுத்தவில்லை.

பெயரை மறைத்து வழக்கு நடத்த அனுமதிக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்க எச்.ஐ.வி. தடுப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு இன்று வழி செய்கிறது. அது நடைமுறைக்கு வந்தது 2018 செப்டம்பர் 10-ல். 33இஇசி விலக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. அதை நீக்கச் சொல்லவில்லை. கொடுத்த மருந்தின் சேர்மானத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நோயாளியிடம் தர வேண்டும் என்ற ஒரு வரியை அதோடு சேர்த்தால் போதும்.