பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு

பெங்களூரில் ஆய்வு மாணவர் ஒருவர் ஹாம் வானொலிக் கிட் ஒன்றை வரவழைத்து, எஸ்.பி. சாலையில் சாலிடரிங் கருவியும் ஈயக் கம்பியும் வாங்கிவந்து, நான்கு இரவுகளில் அதைக் கட்டிமுடித்தார். மின்சாரம் கொடுத்ததும் ஒரு டிரான்சிஸ்டர் கைவைக்க முடியாதபடி சூடேறியது, ஒலிபெருக்கி ஊமையாயிருந்தது. கையேட்டை மும்முறை சரிபார்த்தும் பிழை தென்படவில்லை. தமக்குக் கைத்திறன் வாய்க்கவில்லை என்று முடிவுகட்டிப் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார்.

சில மாதங்கள் கழித்து மூத்த ஹாம் ஒருவர் ஐயத்துக்குரிய மின்தடையின் ஒரு காலைக் கழற்றி மல்டிமீட்டரால் அளந்தார். 10 கிலோ ஓம் இருக்க வேண்டிய இடத்தில் 1 கிலோ ஓம் இருந்தது. முன்னதன் வளையங்கள் பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு. பின்னதன் வளையங்கள் பழுப்பு, கறுப்பு, சிவப்பு. மாணவருக்கோ சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு. கையேடு நிறங்களை மட்டுமே சொல்லியிருந்தது.

கட்டுமானக் குறிப்பு எந்த வடிவில் இருக்க வேண்டும் என்பது அச்சழகு பற்றிய கேள்வியன்று. யார் உள்ளே வரலாம், யார் வெளியே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் கேள்வி.

இதற்கு இரு மரபுகள் உண்டு. 1947இல் அலைவுகாட்டிக் கிட்டுடன் தொடங்கிய அமெரிக்காவின் ஹீத்கிட் நிறுவனம், ஒரு படிக்கு ஒரு செயல் என்று வகுத்து, ஒவ்வொரு படியின் அருகிலும் குறியிட இடம் விட்டது. வேலை பாதியில் நின்றாலும் விட்ட இடம் தெரியும். நினைவின் சுமையைத் தாள் ஏற்றுக்கொள்ளும். ஆனால் ஏன் செய்கிறோம் என்பதை அறியாமலே ஒருவர் முடித்துவிடக் கூடும்.

மற்றொன்று, ஐதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் கருவியின் வழி. 14 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கான அக்கருவி எளிதில் கிடைக்கும் உதிரிகளால் ஆனது. சுருள் சுற்றத் தண்ணீர்க் குழாயின் வாஷர்கூடப் பயன்பட்டது. சுற்று எவ்வாறு இயங்குகிறது என்பதை விளக்கிக்கொண்டே கட்டச் சொல்வது அதன் இயல்பு. இங்கே புரிதல் மிகும். ஆயினும் சுற்றுப்படம் வாசிக்கத் தெரியாதவர் தொடக்கத்திலேயே தயங்குவார்.

இன்று பலரும் நாடுவது காணொளி. சுருள் சுற்றும் கையசைவைக் காட்ட அதற்கு நிகரில்லை. ஆனால் சூடான சாலிடரிங் கருவியைப் பிடித்த கையால் அதை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது கடினம். அதில் குறியிடவும் இயலாது. பிழை கண்டால் தாளில் ஒரு வரியைத் திருத்தலாம்; காணொளியை மீண்டும் எடுக்க வேண்டும்.

ஆகவே அச்சிட்ட படிகளே அடித்தளமாக இருக்கட்டும். ஒவ்வொரு உதிரிக்கும் நிறத்தோடு மதிப்பும், பொருத்துமுன் அளந்துபார்க்கும்படி ஒரு சொல்லும் வேண்டும். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் எந்த முனையில் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும், இல்லையேல் எங்கே தேட வேண்டும் என்பதும் வேண்டும். காணொளி கையசைவுக்கு மட்டும் துணைநிற்கட்டும். அத்தகைய கையேடு அம்மாணவரிடம் இருந்திருந்தால், தவறு முதல் இரவிலேயே பிடிபட்டிருக்கும்.

சில பைசா பெறும் அந்த மின்தடையை மாற்றிய மாலையில் பெட்டி இரைந்தது; இரைச்சலுக்கிடையே ஒரு மனிதக் குரல் கேட்டது. கைத்திறன் முன்பும் அவரிடம் இருந்தது. குறைபட்டிருந்தது கையேடு.