ஊர் அறியுமுன்

காவிரியின் கடைமடையில் ஒரு பெண்ணுக்கு மணம் பேசி முடிக்கும் நாளில் நடைபெறும் காரியங்களை ஊன்றிக் கவனித்தவர்களுக்கு ஒரு விஷயம் புலப்பட்டிருக்கும். பிள்ளை வீட்டார் வந்து இறங்கி, ஜமக்காளத்தில் வரிசையாக அமர்ந்து, தேங்காயும் பழமும் வெற்றிலையும் பட்டுப் புடவையும் அடுக்கிய தட்டுகளை நடுவே பரப்புவார்கள். அவற்றுள் ஒன்றில், குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில், மோதிரம் இருக்கும். அது ஊர்ப் பெரியவர் கையிலிருந்து தாய்மாமன் கைக்கும், அங்கிருந்து அத்தைமார் கைக்கும் போய், என்ன எடை, எந்தக் கடை, கல் வைத்ததா வைக்காததா என்றெல்லாம் விசாரிக்கப்பட்டு, எல்லோராலும் ஆசீர்வதிக்கப்பட்ட பிறகே பெண்ணை வந்து அடையும். எவளுடைய விரலுக்கென்று அது செய்யப்பட்டதோ அவளே அதைக் கடைசியாகக் காண்கிறவள். இந்தச் சம்பிரதாயத்தை நான் குறை கூறவில்லை. சபையின் சாட்சியில் ஒரு பெண்ணுக்குப் பெரும் பாதுகாப்பு உண்டு. நாலு பேர் முன்னிலையில் கொடுத்த வாக்கை எவனும் எளிதில் மீறிவிட முடியாது. ஆனால் அந்த நாலு பேருக்கும் முன்னால் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக உண்டு.

சிங்கப்பூரில் பொறியாளனாக வேலை பார்க்கும் என் தம்பி மகன், சென்ற தை மாதம் ஊருக்கு வந்தபோது, சிராங்கூன் சாலையில் வாங்கிய அரைப் பவுன் மோதிரம் ஒன்றை ஒருவருக்கும் தெரியாமல் கொண்டுவந்தான். பெண் மயிலாடுதுறையைச் சேர்ந்தவள்; பள்ளி ஆசிரியை. கல்லூரி நாளிலிருந்தே இருவருக்கும் பழக்கம். இரு வீட்டாரும் அதை ஒருவாறு அறிந்து, சம்மதமும் இல்லாமல் மறுப்பும் இல்லாமல், யார் முதலில் வாய் திறப்பது என்ற சங்கோசத்தில் காலம் கழித்துக்கொண்டிருந்தார்கள். அவன் அந்த மௌனத்தைத் தன் தாய் தகப்பனைக் கொண்டு கலைத்திருக்கலாம். அப்படிச் செய்யாமல், தானே அவளைப் பூம்புகார்க் கடற்கரையில் சந்தித்து, மோதிரத்தைக் காட்டி, என்னை மணக்க உனக்கு விருப்பமா என்று கேட்பது என்று தீர்மானித்து, அந்தத் தீர்மானத்தை என் ஒருவனிடம் மட்டும் தொலைபேசியில் சொன்னான். பெட்டியில் ஒரு மூலையில் அடங்கிவிடுகிற அந்தச் சின்னஞ்சிறு வளையத்தைக் கடல் தாண்டி ரகசியமாகக் கொண்டுவருவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை அதன் பிறகே நான் உணர்ந்தேன்.

சுங்கத்துக்கு அஞ்சி அவன் அதை மறைக்கவில்லை. ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் வசித்துவிட்டுத் திரும்பும் ஆண் 20 கிராம் வரையிலும், பெண் 40 கிராம் வரையிலும் தீர்வை இல்லாமல் நகை கொண்டுவரலாம். அவன் வாங்கியதோ 4 கிராம். அவன் அஞ்சியதெல்லாம் மனிதர்களுடைய கண்களுக்குத்தான். பெரிய பெட்டியில் போட்டு விமானத்தின் அடிவயிற்றில் அனுப்ப மனம் வரவில்லை. சட்டைப் பையில் வைத்தால் சோதனைச் சாவடியில் எல்லோர் முன்னிலையிலும் எடுத்துத் தட்டில் வைக்க நேரும். ஆகவே கடைக்காரர் கொடுத்த சிவப்புப் பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு, மோதிரத்தை மட்டும் மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணியில் சுற்றி, கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்து, அந்தக் கூட்டைக் கைப்பையில் புத்தகங்களுக்கு இடையே செருகிக்கொண்டான். சாங்கி விமான நிலையத்தில் ஊடுகதிர்த் திரையைப் பார்த்திருந்த அதிகாரி பையைத் திறக்கச் சொன்னபோது, அவனுக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் சீர்காழிக்காரர். அவன் தகப்பனாருக்கு நன்கு தெரிந்தவர். ஒரு செய்தி கிடைத்தால் விமானம் திருச்சியில் இறங்குமுன் அதை ஊர்போய்ச் சேர்த்துவிடக் கூடியவர். அதிகாரி கூட்டைத் திறந்தார்; துணியின் ஓரத்தை விலக்கிப் பார்த்தார்; அவன் முகத்தையும் ஒரு முறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் துணியைப் பழையபடி மூடிக் கொடுத்துவிட்டார். முன்பின் அறியாத அந்த மனிதருடைய நாகரிகத்தை அவன் என்னிடம் விவரித்தபோது அவன் குரல் தழுதழுத்தது.

ஆனால் உண்மையான சோதனைச் சாவடி வீட்டுக்கூடத்தில் அல்லவா இருக்கிறது! அயல்நாட்டிலிருந்து வந்தவனுடைய பெட்டியைப் பிரிப்பது நம் பக்கத்தில் ஒரு சிறு திருவிழா. திருச்சியிலிருந்து தஞ்சை, கும்பகோணம், மயிலாடுதுறை வழியாக நாலு மணி நேரம் வந்து, சம்பா அறுவடை நெல் சாலையோரமெல்லாம் குவிந்து கொள்முதல் நிலைய வாசலில் காத்துக் கிடக்கும் ஊர்களைக் கடந்து, அவன் வாசலில் கால் வைத்த உடனேயே, அத்தையும் சித்தியும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் பெட்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். கோடாலித் தைலம் ஒரு பக்கம், மைலோ ஒரு பக்கம், சாக்லேட்டும் வாசனைத் திரவியமும் ஒரு பக்கம் என்று பங்கு பிரிந்துகொண்டிருந்தது. கைப்பையும் இனித் தப்பாது என்று கண்டவுடன் அவன், "பெரியப்பா, உங்களுக்கு வாங்கின கண்ணாடிக் கூடு" என்று சொல்லி அதை என் மடியில் வைத்துவிட்டான். அன்று இரவு அதை என் வெற்றிலைச் செல்லத்தில், பாக்கு வைக்கும் மேல்தட்டுக்கு அடியில், என்னைத் தவிர எவர் கையும் படாத இடத்தில் வைத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு முறை எடுத்தும் பார்த்தேன். கல் இல்லாத வெறும் பொன். உட்புறத்தில் 916 என்ற முத்திரை. அதற்கு எதிரே, பெண்ணின் பெயருடைய முதலெழுத்து ஒன்று, பொடி எழுத்தாக, தமிழில். பிறருடைய பொருளைக் காக்கிறோம் என்கிற பொறுப்பு எனக்குப் புதிதல்ல. ஆனால் பிறருடைய கேள்வி ஒன்றைக் காத்து வைத்திருக்கிறோம் என்ற உணர்ச்சி அன்றுதான் முதன்முதலாக உண்டாயிற்று. அந்தக் கேள்வியை உரியவள் கேட்குமுன் நான் பார்த்துவிட்டேனே என்று சற்றுக் கூச்சமாகவும் இருந்தது.

என் பாட்டனார் பினாங்கில் பல காலம் இருந்தவர். 1926-இல் கட்டப்பட்டு, ஏறக்குறைய அரை நூற்றாண்டு காலம் நாகப்பட்டினத்துக்கும் மலாயாவுக்கும் இடையே நம் மக்களை ஏற்றி இறக்கிய ரஜூலா என்ற கப்பலில், அகன்ற இடுப்புவாரின் உள்ளறையில் பவுன்களைத் தைத்துக்கொண்டு அவர் வந்து இறங்குவாராம். அப்படி ஒரு தடவை பாட்டிக்கென்றே ஒரு மோதிரம் கொண்டுவந்தாராம். தளத்தில் படுத்து உறங்கும்போதும் இடுப்பில் ஒரு கை வைத்தபடியே உறங்கி, கடலெல்லாம் காத்து வந்த அந்தப் பொருளை, வீட்டுக்கு வந்ததும் அவர் தம் தாயாரின் கையில் கொடுத்தார். அக்காலத்துக் கூட்டுக் குடும்பத்தில் மனைவியின் கையில் நேரே ஒன்றைக் கொடுப்பது மரியாதைக் குறைவு. தாயார் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, அடுத்த விசேஷ நாளில் எல்லா மருமகள்களுக்கும் நடுவில் பாட்டியை அழைத்துக் கொடுத்தாராம். பாட்டி இதைச் சொல்லும்போது குறையாகச் சொன்னதில்லை. "எனக்குத்தான் வாங்கினார்னு அப்போ எனக்குத் தெரியாதுடா" என்று மட்டும் சொல்வாள். அவளுக்கு அது தெரிந்தது, பாட்டனார் காலமாவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு. அந்த ஒரு சொல் அத்தனை காலமும் அவளைச் சேராமல் இருந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

மோதிரம் கடல் கடந்த கதைகளில் தலையாயது நமக்குக் கம்பர் தந்தது. அவர் பிறந்த தேரழுந்தூர் எங்கள் மயிலாடுதுறைக்குப் பக்கத்து ஊர்தான். இராமன் கொடுத்த மோதிரத்தை அனுமன் எங்கே வைத்துக்கொண்டு தாவினான் என்ற கேள்விக்கு, அனுமன் சாலீசா பாடிய துளசிதாசர் வாயிலே இட்டுக்கொண்டான் என்கிறார். எங்கே வைத்தான் என்பதைவிட, யாரிடமெல்லாம் காட்டாமல் இருந்தான் என்பதே எனக்கு வியப்பு. இலங்கை முழுவதும் வீதி வீதியாகத் திரிந்தும், அசோகவனத்தில் அரக்கியர் உறங்கும்வரையில் மரத்தில் மறைந்திருந்தும், அந்தக் கணையாழியைச் சீதை ஒருத்தியின் கண்ணுக்கென்றே அவன் காத்து வைத்திருந்தான். பிறகு அவள் கொடுத்தனுப்பிய சூடாமணியோ அதுவரையில் அவள் ஆடையிலேயே மறைந்து இருந்தது. அரக்கியர் காவலுக்கு நடுவில், அத்தனை துயரத்திலும், ஓர் ஆபரணத்தை ஒருவரும் அறியாமல் காப்பாற்றி வைத்திருந்த அந்த உறுதியை எண்ணிப் பார்க்க வேண்டும். அங்கே நகைகள் அழகுக்காக மறைக்கப்படவில்லை, விலைக்காகவும் மறைக்கப்படவில்லை. ஒருவர் மனத்தை மற்றவருக்குச் சொல்ல வேண்டியவை அவை. இடையில் வேறு எவரும் அதைப் படித்துவிடக் கூடாது.

பூம்புகாரில் கொடுப்பதாக அவன் சொன்னபோது எனக்கே ஒரு தயக்கம் இருந்தது. கண்ணகி பிறந்த ஊரில் நகையைக் கையில் எடுத்து ஒரு மங்கல காரியத்தைத் தொடங்குவதா என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கேட்டிருந்தால், அதில் நியாயமில்லை என்று உடனே சொல்லிவிட முடியாது. ஆனால் சிலப்பதிகாரத்தை மீண்டும் எடுத்துப் படித்தபோது என் தயக்கம் நீங்கியது. சோமகுண்டம், சூரியகுண்டம் என்னும் துறைகளில் நீராடிக் காமவேளைத் தொழுதால் கணவன் திரும்புவான் என்று தோழி தேவந்தி சொல்ல, அது தனக்குப் பெருமை அன்று என்று கண்ணகி மறுத்துவிட்ட சிறிது நேரத்துக்கெல்லாம் கோவலன் வந்து நிற்கிறான். குலம் தந்த செல்வமெல்லாம் தொலைந்த நாணத்தை அவன் சொல்கிறான். அவளோ முகம் மலர்ந்து, சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். அவன் பிரிந்த நாள் முதல் அவள் காலில் அணியாதிருந்த சிலம்பு அது. அந்த வேளையில் அவ்வறையில் வேறு எவரும் இல்லை. சாட்சியும் இல்லை, எடை போடுகிறவரும் இல்லை. பொழுது புலருமுன் ஊரார் அறியாமல் இருவரும் புறப்பட்டுப் போகிறார்கள். சிறிது தூரம் நடப்பதற்குள்ளேயே மதுரை மூதூர் எது என்று அவள் கேட்க, முப்பது காதத்தை அருகிலிருப்பதுபோல் சொல்லி, அவன் சிரிக்கிறான். அந்தச் சிலம்புக்குக் கேடு வந்தது புகாரில் அல்ல. அதை விலை மதிப்பிடும் பொற்கொல்லனுடைய கண்ணில் பட்ட மதுரை வீதியில். புகாரில் அது இருவருக்கு மட்டும் தெரிந்த பொருளாக இருந்தது. அதைக்காட்டிலும் மங்கலமான இடம் வேறு எங்கே இருக்கிறது?

நாங்கள் போனது தை அமாவாசைக் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு ஒரு வேலை நாள். 1973-இல் திறக்கப்பட்ட எழுநிலை மாடமான சிலப்பதிகாரக் கலைக்கூடத்தைக் கடந்து, காவிரி மெலிந்த வாய்க்காலாகக் கடலோடு சேருமிடத்துக்கு இருவரும் நடந்து போனார்கள். துணை என்ற பெயரில் சென்றிருந்த நான், வண்டியிலேயே மோதிரத்தை அவன் கையில் சேர்த்துவிட்டு, தேநீர்க் கடைப் பெஞ்சில் கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டேன். அங்கே என்ன பேசினார்கள் என்பது அவர்களுடைய சொத்து. திரும்பி வந்தபோது அவள் விரலில் மோதிரம் இல்லை. நான் கேட்குமுன் அவளே, கழுத்துச் சங்கிலியில் கோத்து உள்ளே போட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னாள். "மாமா, இன்னைக்கு ராத்திரியே அப்பாகிட்ட நானே சொல்லிடறேன். நீங்க தட்டோட வரும்போதுதான் அவருக்குத் தெரிஞ்சதுன்னு இருக்கக் கூடாது."

தான் முதலில் கேட்கப்பட்ட மரியாதையை அவள் தன் தகப்பனாருக்கும் செய்ய விரும்பினாள். அவனும் அன்று மாலையே அடுக்களையில் தன் தாயிடம் எல்லாவற்றையும் சொன்னான். நான் நிலைப்படி ஓரத்தில் நின்றுகொண்டிருந்தேன். என் தம்பி மனைவி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு, சிறிது நேரம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "விரலுக்குச் சரியா இருந்துதா?" என்று கேட்டாள். கொஞ்சம் தளர்வுதான் என்று அவன் சொல்ல, நிச்சயத்துக்கு முன்னால் பட்டமங்கலத் தெருவில் கொடுத்து இறுக்கிக்கொள்ளலாம் என்றும், உள்ளே வெட்டியிருக்கும் எழுத்து அழிந்துவிடாமல் பார்த்துச் செய்யச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னாள்.