எடைக்குப் பின்னால் ஒளிந்தேன்

2021 ஏப்ரல் கடைசி வாரத்தில் எனக்குக் காய்ச்சல் இருந்தது. இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்தே கும்மிடிப்பூண்டிக்குப் போகும் கம்பெனி வேனில் ஏறினேன். ஒரு நாளோடு நிறுத்திக்கொள்ளவும் இல்லை. அந்த வேனை ஓட்டியவர் இன்று உயிரோடு இல்லை.

இதை என் எடையிலிருந்துதான் தொடங்க வேண்டும். எடை கூடியதால் எனக்குக் காய்ச்சல் வரவில்லை. எடை கூடியதால் எனக்கு ஒரு பொய் கிடைத்தது.

வீடு திருவொற்றியூரில். வேலை கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், ஒரு கம்பி ஆலையில், ஷிப்ட் இன்சார்ஜ். பல வருடங்களாகச் சென்ட்ரல்–கும்மிடிப்பூண்டி மின்ரயிலில் சீசன் டிக்கெட்காரன். எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை என்று கண்ணை மூடிக்கொண்டே ஸ்டேஷன்களைச் சொல்வேன். உடற்பயிற்சி என்று எதையும் செய்ததில்லை. வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு நடை. நடைமேம்பாலம் ஏறி இறங்க வேண்டும். கும்மிடிப்பூண்டியில் இறங்கினால் ஷேர் ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசை மிச்சப்படுத்த சிப்காட் வரை நடை. ஆலைக்குள் பர்னஸுக்கும் ரோலிங் பக்கத்துக்கும் நாள் முழுக்க நடை. என் உடம்பைப் பார்த்துக்கொண்டது அந்த ரயில்தான். அது எனக்குப் புரியவில்லை. என் உடம்பு வாகே அப்படி என்று கர்வப்பட்டேன். தொப்பை போட்ட சக பயணிகளைப் பெட்டியில் எல்லார் முன்னாலும் கேலி செய்தேன். ஒருவர் அதற்காகவே வேறு பெட்டியில் ஏற ஆரம்பித்தார். அதற்கும் சிரித்தேன்.

2020 மார்ச் 22, மக்கள் ஊரடங்கு நாள். அதோடு மின்ரயில் நின்றது. அக்டோபரில் அத்தியாவசியப் பணியாளர்களுக்காக ஓடத் தொடங்கியது. நவம்பர் 23 முதல் பெண்களை ஏற்றினார்கள். டிசம்பர் 23 முதல் எல்லாரும் ஏறலாம் என்றார்கள், ஆனால் ஆண்கள் நெரிசல் நேரத்தில் ஏறக் கூடாது. ஷிப்டுக்குப் போகிறவனுக்கு அந்த நேரம் விட்டால் வேறு நேரம் ஏது? அதனால் 2020 மே மாதம் ஆலை திறந்ததிலிருந்து எனக்கு வேன்தான். அது வீட்டு வாசலுக்கே வந்தது. மணலி புதுநகர், மீஞ்சூர், பொன்னேரி தாண்டி, தச்சூர் கூட்டுச்சாலையில் ஜி.என்.டி. சாலையைப் பிடித்து, ஆலை வாசலிலேயே இறக்கிவிட்டது.

அந்த மே மாதம் அதே ஜி.என்.டி. சாலையில் வடமாநிலத் தொழிலாளர்கள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஆந்திர எல்லையை நோக்கி நடந்தார்கள். எங்கள் ஆலையின் காண்ட்ராக்ட் ஆட்களில் பாதிப் பேர் அப்படிப் போனவர்கள். மீதி இருந்தவர்களை வைத்துப் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் ஓட்டினோம். எனக்குத் தொற்றுப் பயம். பர்னஸ் பக்கம் போவதையே விட்டேன். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து கேமராவில் வேலையைப் பார்த்தேன். இறங்கிப் பார்க்க வேண்டிய இடத்துக்கு வேறு ஆளை அனுப்பினேன். அந்த ஆளுக்கும் நுரையீரல் இருக்கிறது என்று அப்போது நினைக்கவில்லை. கேன்டீன் மூடியிருந்ததால் பரோட்டா பார்சல் வந்தது. நடு இரவில் டீ, பிஸ்கட், மறுபடி டீ. ஊரடங்குக்கு முன் 68 கிலோ இருந்தேன். ஒரு வருடத்தில் 84.

2020 ஜூன் 19 முதல் 30 வரை சென்னையோடு சேர்த்துத் திருவள்ளூர் மாவட்டத்தின் சில பகுதிகளிலும் முழு ஊரடங்கு போட்டார்கள். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, மீஞ்சூர் பேரூராட்சிகளும் அதில் உண்டு. அது தளர்ந்த பிறகு ஒரு நாள் பொன்னேரியில் வேன் சிக்னலுக்கு நின்றது. சாலையோரம் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாவை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. ரயிலில் கொய்யாப்பழம் விற்பவர். எனக்குப் பல வருடம் கடனுக்குப் பழம் கொடுத்தவர். கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிய, ரவிக்கை தோளில் நிற்காமல் இருந்தார். ஒரே ரயில்தான். என்னை நடக்க வைத்தது, அவருக்குச் சோறு போட்டது. அது நின்றதும் நான் பெருத்தேன், அவர் இளைத்தார். பணம் கொடுக்க வேண்டியது பாக்கி இருந்தது. ஏ.சி. போயிடும் என்று கண்ணாடியை இறக்கவில்லை.

உடம்பு எனக்கு எச்சரிக்கை கொடுக்காமல் இல்லை. ராத்திரி மூன்று நான்கு முறை ஒன்றுக்குப் போக எழுந்தேன். எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் நாக்கு வறண்டது. மாடிப்படி ஏறினால் இரைத்தது. ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்கு மேல் போனாலே நம் நாட்டு மருத்துவர்கள் கவலைப்படச் சொல்கிறார்கள். வெள்ளைக்காரர்களைவிடக் குறைந்த எடையிலேயே நமக்குச் சர்க்கரை வந்துவிடுகிறது என்பதால் அளவையும் குறைத்து வைத்திருக்கிறார்கள். என் பேன்ட் அளவே எனக்கு அதைச் சொன்னது. வீட்டில் டெஸ்ட் எடுக்கச் சொன்னார்கள். மறுத்தேன். சர்க்கரை என்று சொல்லிவிட்டால் மற்றவர்களைக் கேலி செய்த வாயை எங்கே வைத்துக்கொள்வது? அந்தக் கர்வம்தான் என்னைத் தடுத்தது.

இப்போது ஆலை வாசலுக்கு வருகிறேன். அங்கே காலை ஷிப்டில் நெற்றியில் வெப்பமானியைக் காட்டிப் பார்க்கும் வேலையை மேற்பார்வை செய்தது நான். முகக்கவச உறுதிமொழியை உரக்க வாசித்ததும் நான். 2021 மார்ச்சில் ஒடிசாவிலிருந்து வந்த பையன் ஒருவனுக்கு 99.8 காட்டியது. வெயிலில் நடந்து வந்தேன் சார் என்றான். எல்லார் முன்னாலும் கத்தினேன். மற்றவர்கள் உயிர் உனக்கு விளையாட்டா என்று கேட்டேன். அன்றைய கூலி இல்லாமல் திருப்பி அனுப்பினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான்.

ஒரு மாதம் கழித்து எனக்கு 101. வீட்டுத் தெர்மாமீட்டரில் நானே பார்த்தேன். தொண்டை கரகரத்தது. ஏப்ரல் 20 முதல் இரவு ஊரடங்கு அமலில் இருந்தது. ஆலையில் ஆள் பற்றாக்குறை. நான் சொன்னால் வேனில் வந்த அத்தனை பேரையும் தனிமைப்படுத்துவார்கள், ஷிப்ட் நிற்கும், யாரால் நின்றது என்ற கேள்வி வரும். முந்தைய வருடம் என் வயதுக்காரர்கள் இரண்டு பேரைக் கணக்கு முடித்து அனுப்பியிருந்தார்கள். பயந்தேன். டோலோ 650 ஒன்றைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வாசலில் வெப்பமானி 97 காட்டியது. செக்யூரிட்டி சல்யூட் அடித்தார்.

வேனில் முன் சீட் எனக்கு. பதவிக்கு உரிய இடம் என்று நானே எடுத்துக்கொண்டது. ஓட்டுநர் என்னைவிட மூத்தவர், மணலி புதுநகர்க்காரர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவருக்குச் சர்க்கரை உண்டு. அரசு ஆஸ்பத்திரி மாத்திரை. அதை மறைத்தவர் அல்ல. ஜன்னலைத் திறந்து ஓட்டுவதுதான் நல்லது என்று டி.வி.யில் சொன்னதைக் கேட்டு அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தார். உடம்பு பெருத்ததிலிருந்து எனக்கு வேர்வை தாங்காது. ஏ.சி. போடச் சொன்னேன். மறு பேச்சில்லாமல் கண்ணாடிகளை ஏற்றினார்.

மீஞ்சூர் தாண்டுவதற்குள் இருமல் வந்தது.

"உடம்பு முடியலையா சார்?"

"ஒண்ணுமில்லண்ணே. உடம்பு போட்டுட்டேன்ல, அதான் மூச்சு வாங்குது."

இதுதான் நான் சொன்னது. ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவர் நம்பினார். நம்பாமல் இருக்க என்ன காரணம்? வயிறு கண்ணுக்குத் தெரிந்தது. வாரக்கணக்காக நான் மூச்சு வாங்குவதை அவரும் பார்த்திருந்தார். வயிற்றில் கொழுப்பு சேர்ந்தால் உதரவிதானம் கீழே இறங்க இடமில்லாமல் மூச்சு குறையும். அது உண்மை. அந்த உண்மையை எடுத்துத்தான் காய்ச்சலை மூடினேன். அவர் வண்டியை ஓரங்கட்டி, வீட்டிலிருந்து பிளாஸ்கில் கொண்டுவந்த கபசுரக் குடிநீரை டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். குடித்தேன். அதே டம்ளரில் அவரும் ஊற்றிக் குடித்தார். முகக்கவசம் இரண்டு பேருக்கும் தாடையில் இருந்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. டம்ளர் அவர் வாய்க்குப் போவதைப் பார்த்தேன். சொல்லவில்லை.

அன்று சொல்லியிருந்தாலும் ஒருவேளை தாமதமாகிவிட்டிருக்கும். ஆனால் மறுநாளும் மாத்திரை போட்டுக்கொண்டு ஏறினேனே, அதற்கு என்ன சமாதானம் சொல்ல?

ஞாயிறு முழு ஊரடங்கு. அன்றைக்குப் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. தனியார் லேபில் கொடுத்த சாம்பிள் பாசிட்டிவ் என்று வந்தது. ஆலைக்குப் போன் செய்து முதுகுவலி என்று லீவு சொன்னேன். பாசிட்டிவ் காகிதம் கையில் இருக்கும்போது சொன்ன பொய் அது. வேனில் வந்த யாருக்கும் சொல்லவில்லை. ஓட்டுநருக்கும் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க அவர் ஆட்களை ஏற்றி இறக்கினார்.

எனக்கு அது லேசாகப் போனது. ஆக்சிஜன் 94க்குக் கீழே இறங்கவில்லை. ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரை சராசரி 9.1 என்று வந்தது. மாத்திரை, நடை, கண்காணிப்பு என்று இன்றைக்குச் சமாளிக்கிறேன். எனக்கு நேர்ந்ததைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

வேனில் வந்தவர்களில் இருவருக்கு வந்து, மீண்டார்கள். ஒருவருடைய அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது. ஓட்டுநருக்கு மே முதல் வாரத்தில் மூச்சுத் திணறல். அப்போது சென்னையில் படுக்கை கிடைக்காமல் ஆஸ்பத்திரி வாசல்களில் ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி நின்றன. அவரும் அந்த வரிசையில் ஆம்புலன்ஸுக்குள் ஆக்சிஜனோடு காத்திருந்தார். படுக்கை கிடைத்தது. சர்க்கரை இருந்த உடம்பு, ஸ்டீராய்டு கொடுக்கக் கொடுக்கச் சர்க்கரை இன்னும் ஏறியது. அடுத்த வாரம் இறந்தார். முகத்தைக்கூட வீட்டுக்காரர்கள் சரியாகப் பார்க்கவில்லை.

என்னிடமிருந்துதான் அவருக்கு வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லவில்லை. அந்த மே மாதம் எங்கிருந்து வேண்டுமானாலும் வந்திருக்கலாம். இந்தச் சந்தேகத்தின் பலனை எனக்கு நானே பல மாதங்கள் கொடுத்துக்கொண்டேன். இப்போது கொடுப்பதில்லை. என்னால் வந்ததா என்பது தெரியாது. நான் சொல்லியிருந்தால் அவர் பரிசோதனை செய்திருப்பார், சர்க்கரைக்காரர் என்பதால் முன்கூட்டியே டாக்டரிடம் போயிருப்பார் என்பது தெரியும். அந்த நாட்களை நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டேன்.

தொற்றில் இறந்த இ.எஸ்.ஐ. தொழிலாளியின் குடும்பத்துக்குச் சராசரிக் கூலியில் 90 சதவீதம் மாதாமாதம் தரும் திட்டம் 2021 ஜூனில் வந்தது. ஓட்டுநர் டிராவல்ஸ் வழியாக வந்தவர், இ.எஸ்.ஐ.யில் பதிவு இல்லை. அரசு கொடுத்த 50,000 ரூபாய் பிறகு வந்தது. அதற்கு முன்பே அவர் மகன் காலேஜை நிறுத்திவிட்டு ஒரு குடோனில் மூட்டை தூக்கப் போய்விட்டான். அவர் மனைவி ஆலைக்கு வந்து, வேனில் யாருக்காவது இருந்ததா என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், மனசு ஆறும் என்று கேட்டார். ஆபீஸில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். யாருக்கும் இல்லை என்றேன். அவர் எதிரில் நின்றுகொண்டுதான் சொன்னேன்.

அதன் பிறகு செய்தது இதைவிடக் கேவலம். ஆலையில் பணம் வசூலித்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். என் பங்கு அதிகம் என்று மற்றவர்கள் சொன்னார்கள். அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். கும்பிடு வாங்கிக்கொண்டு டீ குடித்துவிட்டு வந்தேன். வருடா வருடம் திதிக்கு எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். போனேன். இலையில் முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள்.

மின்ரயில் பழையபடி ஓடுகிறது. நான் மறுபடி சீசன் டிக்கெட் எடுத்தேன். எடை 72க்கு வந்தது. பெட்டியில் எப்படி இளைத்தாய் என்று கேட்டார்கள். சர்க்கரை என்று சொன்னேன். அதைச் சொல்ல முடிந்தது. மற்றதைச் சொல்லவில்லை. கொய்யாப்பழ அம்மாவைத் தேடினேன். அவர் அந்த ரயிலில் இல்லை. பாக்கி என்னிடமே இருக்கிறது. வெயிலில் நடந்து வந்த ஒடிசாப் பையன் அந்த வாரமே வேறு ஆலைக்குப் போய்விட்டான். எங்கே என்று விசாரித்தும் தெரியவில்லை.

இதை எழுதத் தொடங்குவதற்கு முன் மணலி புதுநகர் போனேன். ஓட்டுநரின் மனைவி இதை எழுத்தில் படித்து அறிந்துகொள்ள வேண்டியவர் அல்ல. காய்ச்சல், மாத்திரை, டம்ளர், லேப் காகிதம், ஆபீஸில் சொன்னது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். மன்னிப்பு கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லும் பாரத்தையும் அவர் மேல் வைத்ததாகிவிடும். மகன் எழுந்து வெளியே போய்விட்டான். அந்த அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு ஒன்று கேட்டார்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா அவரு வண்டி எடுத்திருக்க மாட்டாரு, இல்ல?"

"மாட்டார்" என்றேன்.

இனிமேல் இங்கே வராதீங்க என்றார். போவதில்லை.