ஒரு முழ வயர்

என் வீடு கல்லடி உப்போடையில். ஒரு பக்கம் மட்டக்களப்பு வாவி, மறுபக்கம் வங்கக் கடல். ஊர்ப் பெயரிலேயே உப்பு இருக்கிறது. அப்படியிருந்தும் என் கார் ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை என்று விளங்க எனக்கு நாலு மாதம் பிடித்தது.

2022, பெற்றோல் வரிசைக் காலம். வரிசை நகர்ந்தால் எஞ்சினைப் போடுவதும் நின்றால் நிறுத்துவதுமாகக் கிடந்தோம். ஒருமுறை சாவியைத் திருப்பினேன். 'டிக்'. மறுபடியும் 'டிக்'. பின்னால் நின்ற பொடியன்கள் நாலு பேர் தள்ள, இரண்டாம் கியரில் விட்டதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. 'பற்றரி போச்சு' என்று நானே தீர்ப்புச் சொல்லி, இருந்த காசை வழித்துப் புதுப் பற்றரி வாங்கினேன். வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்றிருந்ததால் காரை மாற்றும் யோசனைக்கும் இடமில்லை.

ஒரு வாரம்தான். மறுபடி 'டிக்'.

முதல் நாளே ஹெட்லைட்டைப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். பற்றரி இறங்கியிருந்தால் சாவியைத் திருப்பும்போது வெளிச்சம் சுருங்கிவிடும். எனக்கு அது மங்கவேயில்லை. பற்றரியில் கரண்ட் இருக்கிறது, ஸ்டாட்டர்தான் அதை எடுக்கவில்லை. அப்படியென்றால் ஸ்டாட்டர் பழுதாக இருக்கலாம், அல்லது வழியில் எங்கோ தடை. இந்த 'அல்லது' என் மண்டையில் ஏறவில்லை.

கராஜ் தம்பி சொன்னான், "ஸ்டாட்டர் நல்லா இரிக்கி அண்ணே, கழட்ட வேணாம்." நான் விடவில்லை. கழற்றிப் பூட்டியபின் இரண்டு நாள் ஓடியது. கை பட்டு வயர் அசைந்ததால் ஓடிய ஓட்டம் அது. மூன்றாம் நாள் நின்றதும் நேரே போய், நல்ல ஸ்டாட்டரை மாற்றிவிட்டாய் என்று நாலு பேர் முன்னால் அவனைக் கள்ளனாக்கினேன். அவன் ஒன்றும் பேசவில்லை. மண்ணெண்ணெய்த் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றான்.

கடைசியில் கண்டுபிடித்தவர் எதிர்வீட்டு மாமா. என்னைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு பொனட்டுக்குள் கையை விட்டவர், அக்சிலேற்றர் கேபிளைத் தொட்டதும் கையை இழுத்தார். "இது ஏன் மனே சுடுது?"

ஸ்டாட்டருக்குப் போன கரண்ட் பற்றரிக்குத் திரும்ப வேண்டுமே. அதற்குரிய ஏர்த் வயர் அடைபட்டதால் அந்த மெல்லிய கேபிள் வழியாக வீடு திரும்பப் பார்த்திருக்கிறது. மாமா ஜம்பர் வயரின் ஒரு முனையைப் பற்றரியின் நெகட்டிவ்விலும் மறுமுனையை எஞ்சின் இரும்பிலும் கடித்துவிட்டார். திருப்பினேன். முதல் சுற்றிலேயே பிடித்தது.

கழற்றிய ஏர்த் வயர் ஒரு முழம் இருக்கும். வெளி உறை புதுசு மாதிரி. பிளேட்டால் கீறினால் உள்ளே செம்பைக் காணோம், பச்சைப் பொடிதான். பற்றரித் தலையைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவிக் கழுவி நான் பளபளக்க வைத்திருந்தேன். உப்பு மறுமுனையால் ஏறியிருந்தது.

பிறகு ஒரு மல்டிமீற்றர் வாங்கினேன். ஒரு ஊசி நெகட்டிவ்வில், மற்றது எஞ்சின் இரும்பில். மனைவி சாவியைத் திருப்ப, மறுபடி பூட்டிப் பார்த்த பழைய வயரில் நாலு வோல்ற்றுக்குக் கிட்டக் காட்டியது. புது வயரில் 0.1. அரை வோல்ற்றைத் தாண்டினாலே ஏர்த்தைச் சந்தேகிக்கலாம். ஓய்ந்து நிற்கும் நல்ல பற்றரி 12.6 காட்டும், எஞ்சின் ஓடும்போது 14 அளவில் நின்றால் ஆல்ற்றனேற்றரையும் தொடத் தேவையில்லை. ஐந்து நிமிட வேலை.

அந்த வயரைப் பையில் போட்டுக்கொண்டு கராஜுக்குப் போனேன். வழியெல்லாம் சொல்லிப் பார்த்த மன்னிப்பு வாசலில் வரவில்லை. வயரை நீட்டினேன். தம்பி வாங்கி மடக்கிப் பார்த்தான். பச்சைப் பொடி அவன் உள்ளங்கையில் உதிர்ந்தது.

"எனக்கும் விளங்கல்லதானே அண்ணே" என்றான். கொஞ்சம் பொறுத்து, "அந்த மீற்றர ரெண்டு நாளைக்குத் தாறீங்களா?"

கொடுத்தேன். இன்னும் அவனிடம்தான் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் மாரிக்கு முன்னால், வோல்ற் பார்க்க நான்தான் அங்கே போகிறேன்.